பதின்மூன்று மீட்டர்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், பள்ளிகள் திறப்பதற்குச் சில நாள் முன்னால், தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகரங்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பெரிய மைதானம் ஒன்றில் மஞ்சள் நிறப் பள்ளி வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும். போக்குவரத்து, காவல், வருவாய், கல்வித் துறை அதிகாரிகள் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்குவார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, படிக்கட்டு பிள்ளைகளின் காலுக்கு எட்டுகிறதா, தளம் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறையுள்ள வண்டி திருப்பி அனுப்பப்படும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சிறுமியின் சாவு இருக்கிறது. 2012 ஜூலையில், சென்னையின் தென்புறநகரில், ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக அவள் விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. தாமதமாக வந்தாலும் நல்ல விதிகள் அவை. பலகை பெயர்ந்த பேருந்தை இன்று யாரும் துணிந்து மைதானத்துக்குக் கொண்டுவர முடியாது.

ஆனால் பேருந்தில் ஏறாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள்; மேல்நிலைப் பள்ளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் அரசு சைக்கிளை மிதிப்பவர்கள். இவர்களுடைய வாகனம் சாலைதான். அதன் தளத்தில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று மே மாதத்தில் யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

நம் சட்டமோ பிள்ளை நடந்துதான் வரும் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010இல் வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு நடந்து போகும் தொலைவில், ஒரு கிலோமீட்டருக்குள், பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர். அதே விதியில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து இருந்தால், அந்த ஆபத்தைத் தவிர்க்கும் விதமாகப் பள்ளியின் இடத்தை அரசு அமைக்க வேண்டும் என்கிறது அது. விதியை எழுதியவர்கள் நிலச்சரிவையும் வெள்ளத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வரும் டிப்பர் லாரியைப் பெயர் சொல்லவில்லை. ஆனால் வழியில் உள்ள ஆபத்து என்றால் இன்று முதலில் அதைத்தான் எண்ண வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 9,528 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். நாளொன்றுக்கு 26 பேர். எல்லாரும் பள்ளிக்குப் போகும் வழியில் இறந்தவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு வகுப்பறை அளவுக்குப் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் இல்லாமல் போகிறார்கள் என்பதை எண்ணிக்கொண்டுதான் இந்தப் பேச்சைத் தொடர முடியும்.

இந்த எண்ணைக் குறைக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது: பிள்ளைகளைச் சாலையிலிருந்து எடுத்துவிடுவது. பிரிட்டன் அதைத்தான் செய்தது. மேயர் ஹில்மனும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு அந்த நாட்டையே திடுக்கிட வைத்தது. 1971இல் இங்கிலாந்தின் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றித் தாங்களாகவே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1990இல் அது 9 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. அதே காலத்தில் சாலையில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று அரசு மகிழ்ந்தது. ஹில்மன் குழுவினர் அந்த மகிழ்ச்சியை மறுத்தார்கள். சாலை முன்னைவிடக் கொடியதாகிவிட்டது, அதனால்தான் பெற்றோர் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள், சாவு குறைந்ததற்குக் காரணம் தெருவில் குழந்தையே இல்லாததுதான் என்று காட்டினார்கள்.

நம் நகரங்களில் இப்போது நடப்பதும் இதுவே. முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் ஆறாம் வகுப்புப் பையன் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு ஊரைச் சுற்றினான். இன்று அதே தெருவில் அதே வயதுப் பிள்ளையை, அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு, ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக் கொண்டுபோய் விடுகிறோம். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சாலையில் நானும் பிள்ளையைத் தனியாக விடமாட்டேன். ஆனால் காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் முட்டி மோதும் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் கார்களும் நாம் கொண்டுவந்தவைதாம். நடந்து வரும் பிள்ளைக்கு வாசல் ஆபத்தாகிறது. அதைப் பார்த்து இன்னொரு வீட்டில் ஸ்கூட்டர் கிளம்புகிறது.

பள்ளிகளில் சாலைப் பாதுகாப்பு வாரம் வரும்போது குழந்தைக்குச் சொல்லித் தருகிறோம்: வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடி வலது பக்கம் பார், பிறகு கட. ஓவியப் போட்டி வைக்கிறோம். இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை அறிவியல் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறது. சுவீடன் நாட்டு உளவியலாளர் ஸ்டீனா சாண்டல்ஸ் 1960களில் சிறு பிள்ளைகளைச் சாலையில் கூர்ந்து கவனித்து ஆராய்ந்தார். எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் சிறு குழந்தையைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி முழுமையாக மாற்ற முடியாது, போக்குவரத்தைத்தான் குழந்தைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பந்து உருண்டால் பின்னால் ஓடுவது குழந்தையின் கவனக்குறைவு என்று நாம் சொல்கிறோம். அது வயதின் இயல்பு.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் குழுவினர் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்தார்கள். நம்மை நோக்கி நேராக வரும் வண்டி நெருங்குகிறது என்று கண் எப்படி அறிகிறது? வண்டியின் உருவம் கண்ணில் பெரிதாகிக்கொண்டே போவதை வைத்துத்தான். இங்கே ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. சாலையைக் கடக்க ஐந்து நொடி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நொடியில் நம்மை எட்டப்போகும் வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், இப்போது சுமார் 42 மீட்டர் தொலைவில் இருக்கும். 60இல் வந்தால் 83 மீட்டர் தொலைவில் இருக்கும். தொலைவில் இருப்பதால் அது சிறிதாகத் தெரியும். அதன் உருவம் பெரிதாகும் வேகமும் பாதிதான். அதாவது வண்டி எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவுக்கு அது நின்றுகொண்டிருப்பது போலத் தோன்றும். பெரியவர்களின் கண் இந்தச் சிறு வளர்ச்சியையும் பிடித்துவிடுகிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் கண்ணும் மூளையும் இன்னும் அதற்குப் பழுக்கவில்லை. மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டியின் நெருக்கத்தை அந்த வயதுப் பிள்ளைகளால் நம்பகமாக உணர முடியவில்லை என்று அந்த ஆய்வு கண்டது. வலமும் இடமும் பார்த்துவிட்டுத்தான் அந்தக் குழந்தை காலை எடுத்து வைக்கிறது. சொல்லிக் கொடுத்ததைத் தவறாமல் செய்தும் அடிபடுகிறது.

சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோடி ப்ளூமெர்ட் நடத்திய ஆய்வுகளும் இதே திசையில் போகின்றன. கணினித் திரைகளால் செயற்கையாக உருவாக்கிய சாலையில், பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் சைக்கிளில் கடந்தார்கள். வண்டிகளுக்கு இடையே பெரியவர்கள் எந்த அளவு இடைவெளியைத் தேர்ந்தார்களோ, பிள்ளைகளும் ஏறக்குறைய அதையே தேர்ந்தார்கள். ஆனால் பிள்ளைகள் மிதிக்கத் தொடங்குவதற்குச் சற்றுத் தாமதமானது. அதனால் மறுபக்கம் சேரும்போது வண்டிக்கும் அவர்களுக்கும் இடையே மிஞ்சிய நேரம் குறைந்துபோனது. முடிவெடுப்பதில் பெரியவரைப் போலவும், உடலை இயக்குவதில் பிள்ளையாகவும் இருக்கும் வயது அது.

பிள்ளையின் பக்கம் இவ்வளவுதான் முடியும் என்றால், மிச்சம் ஓட்டுநரின் பக்கம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி 8 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். பிறகு காய்ந்த தார்ச்சாலையில், நல்ல பிரேக்கோடு, இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் கடந்திருப்பார். முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது வண்டி தாண்டும்போது அதன் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை. 13 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை நின்றால், ஒருவர் பதறிப்போய் வண்டியை நிறுத்தித் திட்டிவிட்டுப் போவார். மற்றவர் முழு வேகத்தில் மோதுவார். மோதலின் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 30க்கும் 50க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.7 மடங்கோடு நிற்காது. ஏறக்குறைய 2.8 மடங்கு.

2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30 என்று இருக்க வேண்டும் என்றது இதனால்தான். இந்தியாவில் மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு அனுமதித்திருக்கும் உச்ச வேகம் 70. மாநிலங்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். எழுபதுக்கும் முப்பதுக்கும் இடையில்தான் நம் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள்.

நெதர்லாந்தின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்டைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு: அவர்கள் பரம்பரையாகச் சைக்கிள் ஓட்டுபவர்கள், சமதளமான நாடு, நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு என்று. உண்மையில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அவர்களும் சைக்கிளை ஓரங்கட்டினார்கள். கார்களுக்காகத் தெருக்களை அகலப்படுத்தினார்கள், வீடுகளை இடித்தார்கள். 1971இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். தமிழ்நாட்டின் இன்றைய மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராத, ஒன்றேகால் கோடிக்குச் சற்று அதிகமான மக்கள் வாழ்ந்த நாட்டில் இது நடந்தது.

அந்த ஆண்டில் பள்ளிக்குச் சைக்கிளில் போன ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கார் மோதி இறந்தாள். அவளுடைய தந்தை விக் லாங்கன்ஹோஃப் ஒரு பத்திரிகையாளர். 1972இல் 'டே டைட்' நாளிதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பது. விபத்து என்ற சொல்லை அவர் ஏற்கவில்லை. நானூறு குழந்தைகள் ஒரே ஆண்டில், ஒரே காரணத்தால் இறந்தால் அதைக் கொலை என்றே அழைக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் துணிந்து எழுதியது நாட்டையே உலுக்கியது. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. இளம் தாயான மார்ட்யே வான் பியூட்டன் அதன் முதல் தலைவரானார். மக்கள் விபத்து நடந்த இடங்களில் அமர்ந்தார்கள். தெருக்களை ஒரு நாள் அடைத்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். பிரதமர் யோப் டென் உயில் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாட்டுப் பாடிப் பாதுகாப்பான சாலையைக் கேட்டார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசு தடை விதித்தபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதை நாடே கண்ணால் பார்த்தது.

நம் ஊரிலும் பள்ளிப் பிள்ளை லாரியில் அடிபட்டால் சாலை மறியல் நடக்கும். கூட்டம் கொந்தளிக்கும்; தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து சமாதானம் பேசுவார்கள்; மறுநாள் அந்த இடத்தில் ஒரு வேகத்தடை முளைக்கும். நம் நாட்டுச் சாலைகளில் பல வேகத்தடைகள் ஒவ்வொரு சாவின் நினைவுக்கல்தான். மறியல் செய்தவர்களின் கோபத்தில் குறை இல்லை. அந்தக் கோபம் அந்த ஓர் இடத்தோடு தீர்ந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. டச்சுக்காரர்களின் மறியல் அடுத்த தெருவுக்கும் அடுத்த ஊருக்கும் சேர்த்துக் கேட்டது. அதனால் அங்கே விதியே மாறியது. குடியிருப்புத் தெருவில் நடப்பவருக்கே முதலுரிமை என்ற 'வோனெர்ஃப்' முறை 1976இல் சட்டமானது. டில்பர்க், ஹேக் நகரங்களில் தனிச் சைக்கிள் தடங்களைச் சோதனையாக அமைத்துப் பார்த்தார்கள். 1990களில், எந்தச் சாலை எதற்கு என்று நாடு முழுவதும் பிரித்து, குடியிருப்புப் பகுதிகளில் வேகத்தை 30ஆகக் குறைத்தார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை நடக்கும்போதோ சைக்கிளில் போகும்போதோ மோட்டார் வண்டி மோதினால், தவறு பிள்ளையுடையதாகவே இருந்தாலும், இழப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் வண்டிக்காரருடையது என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. பிள்ளை பிழை செய்யும் என்பது ஓட்டுநர் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பது அந்தத் தீர்ப்பின் உட்பொருள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பயிற்சி. டச்சுப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியை முடிக்கும் தறுவாயில், உண்மையான தெருக்களில் சைக்கிள் ஓட்டிப் போக்குவரத்துத் தேர்வு எழுதுகிறார்கள். சாலையைத் திருத்திய பிறகு நடத்தும் தேர்வு அது. இன்று அங்கே சாலையில் இறக்கும் சிறார்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு நானூறிலிருந்து இருபதை ஒட்டிய அளவுக்கு இறங்கியிருக்கிறது. பிரிட்டனைப் போல் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வாங்கிய குறைவும் அன்று. அங்கே பிள்ளைகள் இன்றும் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

தமிழ்நாடு சைக்கிளை அறியாத மண் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்லுடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்தாண்டு கழித்து, 2001இல், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லாருக்குமாக விரிந்தது. இப்போது ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் சைக்கிள்கள் வழங்கப்படுகின்றன.

இப்படிச் சைக்கிள் கொடுப்பதால் என்ன விளையும் என்பதற்குப் பிகாரிலிருந்து தெளிவான சான்று உண்டு. அங்கே 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்ததையும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியதையும் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரு பெண் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைச் சில ஊர்களில் சாலையின் நீளம் தீர்மானிக்கிறது.

அப்படியானால் அந்தச் சாலையைப் போய்ப் பார்க்க வேண்டும். நாற்கரச் சாலை பல ஊர்களை இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறது. வீடு ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம். மீடியனில் வழி ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பிள்ளைகள் எதிர்த் திசையில் ஓரமாக மிதித்துப் போய்த் திரும்புகிறார்கள். கிராமச் சாலைகளில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தளம் உயர, விளிம்பில் அரை அடிப் பள்ளம் விழுகிறது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தால் சைக்கிள் அந்த விளிம்பிலிருந்து மண்ணில் இறங்க வேண்டும். பல நேரம் விழவும் வேண்டும். மண் ஓரத்தைச் சீமைக்கருவேலம் வளைத்துக்கொண்டிருக்கும். முள்ளுக்குப் பயந்து பிள்ளை தாருக்கு நடுவே வருகிறது. பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து விடும் நேரத்தில் விளக்கில்லாத சாலை இருட்டியிருக்கும். சைக்கிளில் விளக்கும் இல்லை.

இதைச் சரிசெய்யும்படி தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் பயனில்லை. பள்ளி வாசலுக்கு முன்னால் ஓடும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கிளைச் சாலை ஊராட்சி ஒன்றியத்தினுடையது, நாற்கரச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தினுடையது, மின்விளக்கு ஊராட்சியினுடையது. பிள்ளை ஒரே பயணத்தில் இந்த நான்கு எல்லைகளையும் கடக்கிறது. எந்த அலுவலகத்திலும் அந்தப் பயணம் முழுமையாக ஒரு கோப்பில் இல்லை.

இந்த இடத்தில் ஜப்பான் கற்றுத் தருவது மிகவும் எளிமையானது. அங்கே ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் 'சூகாகுரோ' என்று வரையறுத்த பள்ளிப் பாதை உண்டு. பிள்ளைகள் அந்தப் பாதையில், பல ஊர்களில் கூட்டமாக, நடந்து போக வேண்டும். 2012 ஏப்ரலில் கியோட்டோ அருகே கமெயோகாவில், உரிமமில்லாமல் ஓட்டிவந்த ஓர் இளைஞன் தூங்கிப்போய்ப் பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் மேல் காரை ஏற்றினான். 2021 ஜூனில் சிபா மாகாணத்தின் யாச்சிமாட்டாவில் குடித்திருந்த லாரி ஓட்டுநர் வீடு திரும்பிய பிள்ளைகள் மேல் மோதினான். இரண்டு முறையும் அரசு அந்த ஒரு சாலையோடு நிற்கவில்லை. பள்ளி, காவல்துறை, சாலைத்துறை மூவரும் சேர்ந்து நாடு முழுவதும் எல்லாப் பள்ளிப் பாதைகளையும் ஆய்வு செய்தார்கள். ஒவ்வொரு முறையும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆபத்தான இடங்கள் பட்டியலுக்கு வந்தன. ஒவ்வோர் இடத்துக்கும் யார் என்ன செய்ய வேண்டும் என்று பொறுப்பு பிரித்துக்கொடுத்தார்கள்: இங்கே தடுப்பு, அங்கே கோடு, இந்தத் தெருவில் காலை ஒரு மணி நேரம் வண்டிக்குத் தடை.

நமக்கு இது எட்டாத வேலை என்று நான் நம்பவில்லை. பேருந்துகளுக்கு இதே போன்ற ஆய்வைப் பத்தாண்டுக்கும் மேலாக, பல துறைகளை ஒன்றுசேர்த்து, நாம் நடத்திவருகிறோம். ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. சட்டமும் கையில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், நடப்பவர்களுக்கும் சைக்கிள் போன்ற மோட்டார் இல்லாத வண்டிகளுக்குமாக விதி செய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குக் கொடுத்தது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் சொன்னது; அக்டோபரில், அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சென்னை மாநகராட்சி 2014இலேயே, போக்குவரத்துக்கான தன் நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது.

முதலில் ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகள் எந்தெந்தத் தெருவழியாக வருகிறார்கள் என்று ஒரு வரைபடம் போட வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே அதை வரைந்துவிடுவார்கள், எந்த வளைவில் பயமாக இருக்கிறது என்றும் குறித்துவிடுவார்கள். அந்த வரைபடத்தோடு, சாலைக்கும் விளக்குக்கும் பொறுப்பான நான்கு அமைப்புகளும் காவல்துறையும் பாதையை நடந்து பார்க்க வேண்டும். பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டருக்கு வேகம் முப்பது. அதைப் பலகையில் எழுதினால் போதாது, வண்டி தானாகவே குறையும்படி சாலையை ஒடுக்கவும் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தவும் வேண்டும். விளிம்புப் பள்ளத்தை மண் போட்டு நிரப்புவதும் கருவேலத்தை வெட்டுவதும் ஊரக வேலைத் திட்டத்தில் செய்யக்கூடியவை.

ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்வேன். பேருந்து ஆய்வைப் போல இந்த ஆய்வை மே மாதக் காலையில் நடத்த வேண்டாம். அப்போது சாலை காய்ந்திருக்கும், வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். நவம்பர் மாதம், மழை பெய்து விட்ட நாளில், மாலை ஆறே காலுக்கு, ஸ்பெஷல் கிளாஸ் விட்ட பிறகு நடத்துங்கள். ஆய்வுக்கு வரும் பொறியாளரும் காவல் அதிகாரியும் பள்ளிக் கொட்டகையிலிருந்து ஆளுக்கொரு அரசு சைக்கிளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் அவரவர் ஊர் வரைக்கும் மிதித்துப் போகட்டும்.